சூடான மெத்தை

"அண்ணாச்சி, ரூமைக் காலி பண்ணுதேன்" என்றான் இசக்கிமுத்து.

"போன வாரம்தானேப்பா அக்ரிமென்ட்டைப் புதுப்பிச்ச? நடுவுல போனா அட்வான்ஸ் கிடையாது" என்றேன்.

"பேய் இருக்கு அண்ணாச்சி. நைட் ஷிஃப்ட் முடிஞ்சு காலையில வந்து படுத்தா மெத்தை சூடா இருக்கு."

"இன்னா பேயி? பென்னலூர் வெயிலுக்கு மொட்டைமாடி ரூமு குளுகுளுன்னா இருக்கும்?"

"சரி, இருக்கேன். திங்கக்கிழமையிலேர்ந்து எனக்கு டே ஷிஃப்ட். ராத்திரி தங்கி, பேயை நேர்லயே பார்த்துக்கிடுதேன்."

முழு அட்வான்ஸையும் அவன் கையில் திணித்தேன். பெட்டியையும் நானே சுமந்துபோய் ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட்டேன்.

மாலையில், அதே அறையில் இரவில் தூங்கும் என் இன்னொரு குடித்தனக்காரன், டே ஷிஃப்ட் வெங்கடேசன் வந்தான்.

"பெருசு, திங்கக்கிழமையிலேர்ந்து நம்மள நைட் ஷிஃப்ட்டுக்கு மாத்திட்டானுங்க. இனிமே பகல்லதான் தூக்கம்."