சேற்றில் விழுந்து போட்ட கோல்

வடசென்னை கருங்குதிரை கால்பந்து கிளப்பின் தலைசிறந்த ஆட்டக்காரர்களை இப்போது மெஷின்தான் வரிசைப்படுத்துகிறது. நேரில் பார்த்தவர்களின் ஞாபகத்தைத் தினமும் படித்து, பளிச்சென்று நினைவில் நிற்பவர்களை மேலே ஏற்றும்.

நெகேமியா பல வருஷமாக மூன்றாவது. அவர் ஆட்டத்தைப் பார்த்தவர்களில் உயிரோடு மிச்சமிருப்பது மனைவி தெபோராள் மட்டும். சேற்றில் விழுந்துகொண்டே அவர் போட்ட ஃபைனல் கோலைப் பார்த்துத்தான் கட்டிக்கொண்டாள்.

"என் புண்ணியத்துலதான்யா நீ ஸ்டாரு" என்று பீற்றிக்கொள்வாள்.

இன்று காலை போனில் பார்த்தால் வரிசையில் அவர் பெயரே இல்லை. பதறியடித்து அடுப்படிக்கு ஓடினார். தெபோராள் டீ ஆற்றிக்கொண்டு நின்றாள். உயிர் வந்தது.

"தெபோரா, அந்தச் சேத்து கோலு..."

அவள் ஆச்சரியமாகச் சிரித்தாள்.

"அட, நீங்க பந்துகூட ஆடுவீங்களா?"