ஒரு தட்டு மிச்சம்

முதியோர் மையத்தில் மதியச் சாப்பாட்டுப் பொறுப்பு என்னுடையது. மணியடிக்கும் முன்பே வந்து உட்கார்ந்துவிடும் கறார் தாத்தாவின் நாற்காலி இன்று காலி.

“கோவிச்சுக்கிட்டாரோ?” என்றார் சமையல்கார அக்கா.

நேற்று பரிமாறும்போது தாத்தா, “ஒருத்தர் வரலைன்னா என்னம்மா செய்வீங்க?” என்று நச்சரித்தார். இருந்த எரிச்சலில், “ஒரு தட்டு மிச்சம்னு நினைச்சுக்குவேன்” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன்.

போன் செய்தேன். அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அப்படியே. தனிக்கட்டை மனிதர். கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

பின்தெருவில்தான் அவர் வீடு. கதவைத் தட்டினேன், இடித்தேன். உள்ளே சத்தமே இல்லை. கதவை உடைக்க ஆள் கூப்பிடலாமென்று திரும்பியபோது, அது திறந்தது.

சலவைச் சட்டையில் குத்துக்கல்லாட்டம் நின்றார் தாத்தா.

“எனக்கு உயிரே போயிடுச்சு! என்னய்யா விளையாட்டு இது?”

நான் போட்ட கூச்சலில் தெருவே எட்டிப் பார்த்தது. உள்ளே முதுகு காட்டி உட்கார்ந்திருந்த அம்மாள் மட்டும் திரும்பவே இல்லை.

“என் தங்கச்சி. நேத்துலேருந்து என்கூடத்தான் இருக்கா. பிறவியிலேயே காது கேக்காது” என்றார். “நாளைக்கு எனக்கு ஆபரேஷன். இனிமே இவ தனியாத்தான் உங்ககிட்ட சாப்பிட வருவா. போன் அடிச்சாலும் கதவைத் தட்டினாலும் இவளுக்குத் தெரியாது. வராத அன்னைக்கு யாராவது தேடி வருவீங்களான்னு எனக்குத் தெரியணுமில்ல?”

நான் வாய் திறப்பதற்குள், வீட்டின் மாற்றுச் சாவியை என் கையில் வைத்தார்.