மாரிக்கும் நிற்கும் மெழுகு

போரில் கொழும்புப் பாதை பூட்டப்பட்டு, சொட்டுப் பெற்றோலும் கிடைக்காத வன்னியின் உடையார்கட்டில் காருக்கு மெழுகு பூசுவதைவிட வீணான வேலையை மனிதகுலம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. புனிதமக்கா அதைத்தான் செய்கிறார். வேம்பின் நிழலில் கணவரின் பழைய மொறிஸ் மைனர் கார் நிற்கிறது. அதன் முன்மூடியில் இரண்டு சிரட்டைகள்: ஒன்றில் மாதா கோயில் மெழுகுதிரி உருக்கியது, மற்றதில் தேன்மெழுகு, இரண்டிலும் மண்ணெண்ணெய் மணம். “தம்பி, எது மாரியும் கோடையும் தாங்கும்?” என்று என்னைக் கேட்கிறார். “இதிலை ஏறுறது உங்கடை கோழி மட்டுந்தான் அக்கா. அதுக்கேன் மினுக்கம்?” அவர் சிரிக்கவில்லை. இரண்டையும் மூடியில் கொஞ்சம் பூசி, மேலே தண்ணீர் தெளிக்கிறார். தேன்மெழுகில் மட்டும் அது மணிமணியாக உருள்கிறது. “பாதை திறந்தா அவர் கொழும்பாலை வருவார். நிதர்சனாவும் அப்பாவோடை வருவாள். கறள் பிடிச்ச காரையே காட்டுறது?” சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போகிறார். முன்பெல்லாம் அவர் மகள் நிதர்சனா ஏறி இறங்கும் இடப்பக்கக் கதவில் வெயில் விழுகிறது. நான் துணியைத் தேன்மெழுகில் தொட்டு, கைப்பிடியைச் சுற்றி மெதுவாகத் தேய்க்கிறேன்.