அறைக்கு மூன்று பேர்

“டெம்ப்ளேட்டுல கை வெச்சது யாரு?”

மேலாளர் குரலை உயர்த்தவில்லை. அவளுடைய மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றுதான் கேட்டார்.

கட்டப்போகும் கட்டடம் ஒன்று அவளுடைய கணினித் திரையில் நின்றது. கோடையில் உள்ளே எவ்வளவு சூடேறும், எவ்வளவு காற்று வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்வது அவர்கள் வேலை. அறைகளெல்லாம் அச்சில் வார்த்ததுபோல ஒன்றே என்பதால், ஓர் அறையை மட்டும் டெம்ப்ளேட்டாகச் செய்து எல்லா இடத்திலும் ஒட்டியிருந்தார்கள். அதில் ஒன்றைத் திருத்தினால் மற்றதெல்லாம் தானாகத் திருந்திக்கொள்ளும். வேலை மிச்சம் என்று அந்த வழியைக் கொண்டுவந்தவளே அவள்தான்.

“நான்தான் சார். அறைக்கு ஒருத்தர்னு இருந்துச்சு. மூணு பேர்னு மாத்தினேன்.”

மாற்றிய கையோடு, சூடு தாங்காது என்று காட்டி, திரையில் ஐந்து மாடிகளும் சிவப்பாகிவிட்டன. இனி பெரிய காற்றுக்குழாய், பெரிய விசிறி, எல்லாமே பெரிது, செலவும்தான்.

மேலாளர் பொறுமையாகத்தான் எடுத்துச் சொன்னார். வரைபடத்தில் அறைக்கு ஒரு கட்டில்தான் இருக்கிறது. அதை வைத்துத்தானே கணக்குப் போட முடியும்? பழையபடி மாற்றாவிட்டால் இந்த வேலையே கைநழுவிப் போய்விடும். அப்புறம் அவளைத் தன்னால் காப்பாற்ற முடியாது.

அதற்குள், கட்டடத்தைக் கட்டப்போகும் அரசுத் துறையிலிருந்து வந்து கூட்ட அறையில் காத்திருந்த அதிகாரியே எழுந்து வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார்.

“ஏம்மா, ஒரு கட்டில்ல மூணு பேர் எப்படிப் படுப்பாங்க?”

“அவங்க இப்ப இருக்கிற பழைய கட்டடத்துலயும் கட்டில் ஒண்ணுதான் சார். ரெண்டு பேர் தரையில படுக்கறாங்க. கதவுக்கு அடியில மட்டும்தான் கொஞ்சம் காத்து வருது. அந்த இடத்துக்கு முறை வெச்சுக்கிறாங்க.”

அதிகாரியின் சிரிப்பு நின்றது. பக்கத்து மேசைகளில் யாரும் தலை நிமிரவில்லை.

மேலாளர் மவுஸை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் தொடவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

“அறைக்கு ஒருத்தர்தான்னு நீங்க எழுதிக் குடுத்துடுங்க சார். இப்பவே மாத்திடறேன்.”

அதிகாரி பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மூடியைத் திரும்பப் போட்டார்.

“மூணுன்னே இருக்கட்டும்,” என்று யார் முகத்தையும் பார்க்காமல் சொல்லிவிட்டு வெளியே போனார்.

மேலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த அதிகாரியே வெளியில் சொல்லாத விஷயம் அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று தணிந்த குரலில் கேட்டார்.

“என் தம்பி சொன்னான் சார். வெளிநாட்டுல இருக்கான்னு ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேனே, அவன்தான்,” என்றாள். “போன தடவை ஜெயிலுக்குப் பார்க்கப் போனப்போ, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு சொன்னான்.”