மானின் கண்ணில் ஒருவர்

ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர் இணையத்தில் போடும் பறவைப் படங்களுக்கு ஏழு லைக் விழும். அதில் இரண்டு, பெற்ற பிள்ளைகள் பாவம் பார்த்துப் போட்டவை. அவர் மனைவியின் மான் படங்களுக்கோ நாலாயிரம். வயிற்றெரிச்சலில் அவர் தனியாகக் குளத்துப் பக்கம் போவார், மனைவி காட்டுப் பக்கம்.

யாரோ எடுத்துக் கொடுக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டு, ஒருநாள் மானின் கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்தார். கருவிழிக்குள் மனைவி கேமராவோடு நின்றாள். பக்கத்தில் குடை பிடித்தபடி, வாயெல்லாம் பல்லாக, அவரே நின்றார்.

பழைய படங்களிலும் அதே ஆள், அதே சிரிப்பு. அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நாளைக்கு நானும் கூட வரட்டுமா?" என்றார் மனைவியிடம்.

"நல்லா கேட்டீங்க போங்க! தினமும் கூடத்தானே வர்றீங்க? அங்கே அவ்வளவு கலகலப்பு. வீட்டுக்கு வந்தாத்தான் மூஞ்சி இப்படி ஆயிடுது."