பொத்தான் வீடும் போச்சு

மூத்தவள் அறைக்குள் நுழைந்ததும் இளையவள் கைப்பேசியைச் சட்டென்று குப்புறக் கவிழ்த்தாள். கவிழ்த்த கையோடு அதன் மேல் ஒரு வெட்டுத்துணியையும் இழுத்துப் போட்டாள்.

மூத்தவள் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டாள். "பொத்தான் வீடும் போச்சு" என்றாள்.

"அய்யோ, அதுவுமாக்கா?"

அந்த 'அய்யோ' கொஞ்சம் முன்கூட்டியே தயாராகி வந்தது போல மூத்தவளுக்குப் பட்டது.

இருவரும் ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள். தையல் கடைகளில் மிஞ்சும் துணியை வாங்கி வந்து எட்டு மாதமாகப் பொம்மை தைக்கிறார்கள். நாற்பது பொம்மைகள் தயார், படமும் எடுத்தாயிற்று. இணையத்தில் கடை திறக்க வேண்டியதுதான் பாக்கி, அதற்கு ஒரு பெயர் வேண்டும்.

பெயருக்கா பஞ்சம்? ஆனால் எந்தப் பெயரையும் ஒரு நாள் முழுக்க வாயில் போட்டு மென்று பார்த்த பிறகுதான் பதிவு செய்ய வேண்டும் என்பது மூத்தவள் போட்ட சட்டம். விற்பனைத் தளத்தில் தேடி, அந்தப் பெயர் யாரிடமும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, சாப்பாட்டு மேசையில் அறிவிப்பாள். மறுநாள் பதிவு செய்யப் போனால் 'இப்பெயரில் ஏற்கெனவே ஒரு கடை உள்ளது' என்று சிவப்பில் வரும். உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு பொருள் இருக்காது. வெறும் பெயர்ப்பலகை.

ஊசி நூல் அப்படித்தான் போனது. பிறகு ஒட்டுத்துணி, தையற்பெட்டி. இப்போது பொத்தான் வீடு.

குடும்பத்தில் உள்ளவர்களை மூத்தவள் ஒவ்வொருவராகக் கழித்துப் பார்த்தாள். அவள் கணவன், பொம்மைக் கடைக்குப் பெயர் எதற்கு என்று கேட்கிற ரகம். கொழுந்தனுக்கு வெளியூரில் வேலை. மாமனார் அச்சகத்தில் பிழை திருத்தி ஓய்வு பெற்றவர், மருந்துச் சீட்டில்கூட ஒற்று மிகுமா என்று பார்ப்பார். "ஊசிக்கும் நூலுக்கும் நடுவுல இடைவெளி உண்டாம்மா?" என்று கேட்டதோடு சரி. மிச்சம் இருப்பது ஒருத்திதான்.

இந்த வீட்டில் மூத்தவளுக்குத் தோழி என்று வாய்த்ததே இளையவள்தான். அவளே முதுகுக்குப் பின்னால் தனிக்கடை போடுகிறாள் என்றால், இனி யாரை நம்புவது?

மறுநாள் காலை சமையலறையில் மூத்தவள் இளையவளின் காதோரம் போய் நின்றாள்.

"இந்தத் தடவை யார்கிட்டயும் மூச்சு விடாத. நமக்குள்ளயே இருக்கட்டும். 'கந்தல் மூட்டை'. எப்படி?"

இளையவள் இழுத்தாள். "நல்லா... இருக்குக்கா."

மாமனார் வெந்நீருக்குக் குவளையோடு வந்து நிற்கவே பேச்சு அதோடு நின்றது.

உலகத்தில் புத்தியுள்ள எவரும் கடைக்கு வைக்காத பெயர். மத்தியானம் மூத்தவள் தளத்தைத் திறந்தாள். கந்தல் மூட்டையும் போயிருந்தது.

கூடத்து மேசையில் பொம்மைகளைக் கொட்டி, இரண்டு வரிசையாகப் பிரித்து அடுக்கத் தொடங்கினாள்.

"என்னக்கா பண்றீங்க?"

"உன் பாதியை எடுத்துக்கோ. உனக்குத்தான் கடை இருக்கே. ஒண்ணா, அஞ்சு கடை."

"எனக்கா?"

"கந்தல் மூட்டைங்கிற பேரை உன்கிட்ட மட்டும்தான் சொன்னேன். உனக்கு வச்ச பொறி அது. நேத்து என்னைப் பார்த்ததும் எதுக்குப் போனைக் கவிழ்த்த?"

இளையவளின் கண் கலங்கியது, ஆனால் குரல் கலங்கவில்லை. "உங்களைத்தான் தேடிட்டிருந்தேன். உங்க பேர்ல, உங்க வீட்டுக்காரர் பேர்ல ஏதாவது கடை இருக்கான்னு. ஒரு நாள் பொறு, ஒரு நாள் பொறுன்னு நீங்கதானே தள்ளிப் போட்டீங்க? பேரு ஒவ்வொண்ணா போகும்போது நான் யாரை நினைக்கிறது?"

மூத்தவளுக்குச் சுருக்கென்றது. ஆக, தான் வேவு பார்த்த நாளெல்லாம் தன்னையும் ஒருத்தி வேவு பார்த்திருக்கிறாள். கை மட்டும் நிற்காமல் அடுக்கிக்கொண்டே போனது. இருபது இங்கே, இருபது அங்கே.

"இனிமே ஒரே மேசையில உட்கார்ந்து தைக்க முடியாது" என்றாள்.

"எனக்கும் முடியாதுக்கா."

மதியத் தூக்கம் கலைந்து மாமனார் கூடத்துக்கு வந்தார். மேசையைப் பார்த்தார், மருமகள்களைப் பார்த்தார்.

"என்னம்மா, பொம்மையெல்லாம் ரெண்டு கட்சியா நிக்குது?"

"கடையும் இல்லை, ஒண்ணும் இல்லை மாமா" என்றாள் மூத்தவள். "நல்ல பேரெல்லாம் பறிபோயிடுச்சு."

"பறிபோச்சா? எங்க போச்சு? எல்லாம் பத்திரமாத்தானே இருக்கு."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்து, ஒற்றை விரலால் நிதானமாகத் தட்டி, இருவருக்கும் தெரியும்படி நீட்டினார்.

"நீங்க மென்னு முடிக்கிறதுக்குள்ள வேற யாரும் தூக்கிட்டுப் போயிடக் கூடாதேன்னு, அஞ்சுக்கும் நான்தாம்மா துண்டு போட்டு வச்சிருக்கேன்."