எட்டு கிலோ

"அந்த டெலிபோனை இன்னும் எத்தனை தடவைதான் தூக்கிப் பாப்பீங்க? உயிரோடதான் இருக்கு!" என்றாள் ஜூலியட்.

ரெமிஜியஸ் ரிசீவரை வைத்துவிட்டு வாசலுக்குப் போனான். எதிர் வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. அதையும் நின்று பார்க்க முடியாமல் உள்ளே வந்தான். பெங்களூரில் விமான எஞ்சின் வடிவமைக்கிற வேலை. மனைவியும் மகளும் குடவாசலில். வருஷத்துக்கு இரண்டு தடவை வருகிறவனைக் கண்டாலே மூன்று வயது மகள் கதவுக்குப் பின்னால் ஓடிவிடுவாள்.

"இன்னைக்கு எஞ்சினுக்கு டெஸ்ட்டு. பாஸாச்சுன்னா அடுத்த மாசமே அமெரிக்கா. ரெண்டு வருஷம் நான் மட்டும். அப்புறம் உங்களையும் கூட்டிக்குவேன்."

"அப்படி என்னதான் குறை அந்த எஞ்சின்ல?"

"எடை எட்டு கிலோ கூட இருந்துச்சு."

"அடக் கடவுளே, எட்டு கிலோவுக்கா இந்த ஆர்ப்பாட்டம்? ஏறுற பணக்காரங்க பெட்டியைக் குறைச்சுக்கட்டுமே!"

அவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"ஏழு பேர் போற குட்டி விமானம் ஜூலியட். எஞ்சின் கனத்தா அதைத் தாங்குற உடம்பும் கனக்கணும். அப்புறம் அதைத் தூக்க கூடுதலா த்ரஸ்ட் வேணும், தள்ளுற சக்தி. அதுக்கு இன்னும் பெரிய எஞ்சின்! அதான் உள்ள சுத்துற பிளேடை மெல்லிசாக்கியிருக்கோம். முழு த்ரஸ்ட்ல ஓட்டினா தாங்கணும்."

"தாங்காட்டி?"

"பெங்களூர் ஆபீஸையே மூடிடுவாங்க. உங்க அண்ணன் ரைஸ்மில்லுல வந்து உக்கார வேண்டியதுதான்."

ஜூலியட் முழங்கால்வரை தொங்கிய கூந்தலை அள்ளி முடிந்துகொண்டாள். "வேளாங்கண்ணி மாதாவுக்கு முடி நேர்ந்திருக்கேன். மாதா கைவிட மாட்டாங்க."

'எனக்காக இந்தக் கூந்தலையா!' என்று அந்த முடிச்சையே பார்த்தான்.

டெலிபோன் அடித்தது. பாய்ந்து எடுத்தவன், கேட்டுக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"விரிசல் விட்டிருச்சாம். எல்லாம் போச்சு ஜூலியட்."

சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். அவள் அவன் தலையைக் கோதினாள்.

மறுநாள் காலையில் தட்டி எழுப்பினாள். மகளுக்கு கவுன் மாட்டி, தானும் தயாராக நின்றாள்.

"கெளம்புங்க. வேளாங்கண்ணிக்குப் போயிட்டு வந்துடலாம்."

"உனக்கென்ன பைத்தியமா? காரியம் நடக்காம யாராவது மொட்டை போடுவாங்களா?"

அவள் அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"நடந்துடுச்சுங்க. நீங்க வீட்டுக்கு வந்துட்டீங்க."